புதிய கரையைத் தோண்டுமுன் பழைய மணலைப் பதனிடுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

உலகின் பெரிய நாடுகள் இன்றியமையாக் கனிமங்கள் என்று பட்டியல் எழுதி, அவற்றைத் தத்தம் மண்ணிலேயே அகழவும் பதனிடவும் விரைகின்ற இக்காலத்தில், இலங்கையும் தன் கனிமங்களை விரைந்து அகழ்ந்து பணமாக்க வேண்டும் என்ற குரல் வலுத்து வருகிறது. அந்தக் குரல் சுட்டும் கனிமங்களுள் முதன்மையானது, தைத்தேனியம் (டைட்டேனியம்) என்ற உலோகமும் இரும்பும் அடங்கிய இல்மனைட்; அது எங்கள் வன்னியின் இரு கரைகளிலும், கிழக்கே கொக்கிளாய், செம்மலைப் பக்கத்திலும் மேற்கே மன்னார்த் தீவிலும், மணலோடு மணலாகக் கிடக்கிறது. முல்லைத்தீவு மாவட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயர்தர மாணவர்க்கு இரசாயனவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற வகையிலும், தாய்வழியில் கொக்குத்தொடுவாயைச் சேர்ந்தவன் என்ற உரித்திலும் இது குறித்துச் சில சொல்ல விரும்புகிறேன். கனிம அகழ்வே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு அன்று. திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டையில் பல தசாப்தங்களாக அள்ளப்பட்டுவரும் மணலை இந்த நாட்டிலேயே பதனிட்டுக் காட்டும் வரைக்கும், வன்னியின் எந்தப் புதிய கரையையும் அகழ்வுக்குத் திறக்கக் கூடாது என்பதே நான் சொல்ல வந்தது.

பட்டியல் எழுதியவர்கள் அதை எதற்காக எழுதினார்கள் என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2011 முதல் இத்தகைய பட்டியலை வெளியிட்டு வருகிறது. அதன் 2023 பட்டியலில் 34 மூலப்பொருள்கள் உள்ளன. இந்தியா 2023 இல் 30 கனிமங்களைப் பெயர்குறித்து, 2025 சனவரியில் அவற்றுக்கென ஒரு தேசியத் திட்டத்துக்கு அனுமதி வழங்கியது. தைத்தேனியம், காரீயம் (பென்சிலில் உள்ள கிராபைட்), அருமண் மூலகங்கள் (வலிய காந்தங்களுக்கு வேண்டிய நியோடிமியம் போன்ற உலோகங்கள்) ஆகியவை இரு பட்டியல்களிலும் இருக்கின்றன; இம்மூன்றும் இலங்கையிலும் உண்டு என்பதால்தான் எங்களவர் சிலர் புதையல் கண்டவர்களைப் போலப் பேசுகிறார்கள். ஆனால் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டத்தின் இலக்குகளைப் பாருங்கள். 2030 ஆம் ஆண்டளவில் தன் ஆண்டுத் தேவையில் 10 வீதத்தை உள்ளே அகழவும், 40 வீதத்தை உள்ளே பதனிடவும், 25 வீதத்தைக் கழிவுகளிலிருந்து மீட்கவும் அது இலக்கு வைத்துள்ளது. பதனிடலுக்கு வைத்த இலக்கு அகழ்வுக்கு வைத்ததைப்போல் நான்கு மடங்கு.

அதற்குக் காரணம் உண்டு. உலகின் அருமண் மூலகங்களைப் பிரித்துத் தூய்மையாக்கும் வேலையில் ஏறத்தாழ 90 வீதம் சீனாவில் நடக்கிறது. மின்கலத்துக்கு ஏற்ற தரத்தில் காரீயத்தை ஆக்குவதிலும் நிலைமை அதுவே. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வெட்டிய தாதுகூடப் பல ஆண்டுகளாகச் சீனாவுக்குப் போய்த்தான் பிரிக்கப்பட்டது. 2023 டிசெம்பரில் காரீயத்துக்கும் 2025 ஏப்ரலில் ஏழு அருமண் மூலகங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தபோது வெளிநாட்டு வாகனத் தொழிற்சாலைகள் தடுமாறியது, தங்கள் நாடுகளில் தாது இல்லாமையால் அன்று; தாதுவைப் பிரிக்கும் ஆலைகள் போதிய அளவில் தங்களிடம் இல்லாமையால். இத்தனையும் கண்முன்னே நடந்த பின்னரும், எங்கள் நாட்டில் "கனிம வளத்தைப் பெருக்குதல்" என்றால் இன்னொரு கரையில் இன்னொரு குழி என்றே பொருள்கொள்ளப்படுவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

எங்கள் உயர்தர இரசாயனவியல் பாடத்திட்டத்தின் கைத்தொழில் பகுதியில், உரூத்தைல் என்ற தாதுவிலிருந்து தைத்தேனியமீரொட்சைட்டை உற்பத்தி செய்யும் குளோரைட்டு முறை ஒரு பாடமாக இருக்கிறது. தாதுவைக் கற்கரியோடு கலந்து, ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் குளோரீன் வாயுவைச் செலுத்தினால், தைத்தேனியம் அதன் குளோரைட்டாக மாறி ஆவியாக வெளியேறும். அதைக் குளிர்வித்து, காய்ச்சி வடித்துத் தூய்மையாக்கி, ஒட்சிசனோடு தாக்கமுறச் செய்தால் பால்போன்ற வெள்ளைத் தூள் படியும். விடுபடும் குளோரீன் மறுபடியும் முதற்படிக்குத் திரும்பும். சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் கடதாசிக்கும் வெண்மை தருவது இந்தத் தூள்தான். ஆண்டுதோறும் இதைக் கரும்பலகையில் எழுதியபின், கொக்கிளாய்க் கரையிலிருந்து ஒரு போத்தலில் கொண்டுவந்த கருமணலைத் தாளில் பரப்பி, பழுதான கணினி ஒன்றின் வன்தட்டிலிருந்து கழற்றிய காந்தத்தை அதன்மேல் பிடிப்பேன். வெள்ளை மணல் கீழே கிடக்க, கறுத்த மணிகள் மட்டும் எழுந்து வந்து ஒட்டும். இல்மனைட் காந்தத்துக்கு மெல்லவே இசைகின்ற கனிமம். வலுக்குறைந்த காந்தத்தை அது பொருட்படுத்தாது. வன்தட்டிலுள்ள காந்தமோ நியோடிமியம் என்ற அருமண் மூலகம் கலந்தது. நியோடிமியம், இதே மணலில் சிறிதளவு காணப்படும் மொனசைட்டு என்ற கனிமத்துக்குள்ளும் உண்டு. ஒருமுறை பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி, "சேர், இந்த ஃபக்டரி எங்க இருக்கு, ஒருக்காப் போய்ப் பாப்பமே?" என்று கேட்டாள். இலங்கையில் அப்படியொரு ஆலை இல்லை என்று அவளுக்குச் சொன்னேன். ஓய்வுபெறும் வரை ஒவ்வோர் ஆண்டும் அதையே சொல்ல வேண்டியிருந்தது.

புல்மோட்டையில் நடப்பது பதனிடல் இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957 இல் தோற்றுவிக்கப்பட்டது. இன்று அது லங்கா மினரல் சான்ட்ஸ் என்ற அரச நிறுவனமாக இயங்குகிறது. அங்கே மணல் நீரோடு சுழற்றப்பட்டுப் பாரம் குறைந்த வெள்ளை மணல் கழிக்கப்படுகிறது; காந்தப் பிரிப்பான்கள் இல்மனைட்டை இழுத்தெடுக்கின்றன; உயர் மின்னழுத்தப் பிரிப்பான்களில் மின்னைக் கடத்தும் உரூத்தைலும் கடத்தாத சிர்க்கோனும் வேறாகின்றன. அது திறமை வேண்டிய வேலைதான், அதைச் செய்யும் தொழிலாளரை நான் மதிக்கிறேன். ஆனால் அது களத்தில் நெல்லைத் தூற்றிப் பதரை நீக்குவதற்கு ஒப்பானதே ஒழிய, நெல்லைக் குற்றி அரிசியாக்குவதற்கு ஒப்பானது அன்று. ஒரு மணியின் இரசாயன அமைப்பும் அங்கு மாறுவதில்லை. இல்மனைட் ஒரு தொன் சில நூறு டொலருக்கு விற்கப்படும். அதிலிருந்து ஆக்கப்படும் வெள்ளைத் தூள் ஒரு தொன் அதைவிடப் பல மடங்கு விலைக்குப் போகும். தைத்தேனிய உலோகம் அதனிலும் பன்மடங்கு. இடையிலுள்ள அந்த வேறுபாடு முழுவதும், கப்பல் போய்ச் சேரும் நாட்டின் தொழிலாளிக்கும் பொறியியலாளருக்கும் திறைசேரிக்கும் உரியதாகிவிடுகிறது. பிறகு அதே பெயின்ட்டை நாங்கள் டொலர் கொடுத்து வாங்குகிறோம்.

வன்னிக்குப் பதனிடும் தொழில் புதியதன்று. பரந்தனில் 1950களில் எழுந்த இரசாயனத் தொழிற்சாலை, ஆனையிறவின் உப்பைக் கரைத்து, அதனூடு மின்னோட்டத்தைச் செலுத்தி, எரிசோடாவையும் குளோரீனையும் ஆக்கியது. என் தந்தையார் அங்கு வேலை செய்தவர். இரவு வேலை முடிந்து சைக்கிளில் வந்து இறங்கும்போது அவருடைய சட்டையிலிருந்து எழுந்த மணந்தான் குளோரீனின் மணம் என்பதை, பாடநூலில் அந்தப் பெயரை வாசிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே நான் அறிந்திருந்தேன். அந்த ஆலைக்கு வன்னியின் பிள்ளைகள் கூலிக்கு மட்டும் போகவில்லை. பரிசோதனைக் கூடத்திலும் மின்பகுப்புக் கலங்களிலும் இயந்திரப் பட்டறையிலும் தொழில் பழகினார்கள். 1980களில் போர் அதை மூடியது. குடிநீரைத் தூய்மையாக்க வேண்டிய குளோரீனைக்கூட அதன் பின்னர் நாடு இறக்குமதி செய்ய வேண்டி வந்தது. நான் மேலே விளக்கிய குளோரைட்டு முறைக்கு வேண்டிய இரு பொருள்களான குளோரீனும் உரூத்தைலும் ஒரு காலத்தில் பரந்தனிலும் புல்மோட்டையிலும், ஒரு பகற்பொழுதில் லொறி ஓடி முடிக்கக்கூடிய தூரத்தில் இருந்தன. அவை இரண்டையும் இணைத்துப் பார்க்க எவரும் முனையவில்லை; பிறகு போர் வந்தது. போர் முடிந்தும் ஒன்றரைத் தசாப்தம் கடந்துவிட்டது.

இதில் இருக்கும் இடர்களை மறைத்துப் பேச எனக்கு மனமில்லை. புல்மோட்டை மணலில் மிகுந்திருப்பது இல்மனைட், உரூத்தைல் குறைவு. இல்மனைட்டிலுள்ள இரும்பை நீக்கிச் செயற்கை உரூத்தைலாக உயர்த்துவதற்கு நிலக்கரியும் பெருஞ் சூளையும் தடையற்ற மின்சாரமும் வேண்டும். நிலக்கரி எங்களிடம் இல்லை. சல்பூரிக்கமில முறையைத் தெரிவுசெய்தால் இல்மனைட்டை நேரடியாகவே பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொரு தொன் வெள்ளைத் தூளின் பின்னாலும் பல தொன் இரும்புச் சல்பேற்றும் ஐதான அமிலமும் தேங்கி நிற்கும். கேரளத்தின் சவறாவில் கனிம மணலை உள்ளூரிலேயே பதனிடும் அரச ஆலை உண்டு; அதனால் பல குடும்பங்கள் பிழைக்கின்றன, அதன் அமிலக் கழிவால் தங்கள் கிணறும் நிலமும் கெட்டன என்று அயலூர் மக்கள் நெடுங்காலமாகப் போராடியும் வருகிறார்கள். மலேசியாவில் ஈப்போவுக்கு அருகேயுள்ள புக்கிட் மேராவில் மொனசைட்டிலிருந்து அருமண் பிரித்த ஆலை, தோரியம் என்ற கதிர்த்தொழிற்பாடுள்ள கழிவை ஊருக்குள் வைத்ததால், 1980களில் மக்கள் நீதிமன்றம் ஏறினார்கள். 1990களில் ஆலை மூடப்பட்டது, துப்புரவு வேலை அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் நீண்டது. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். முருங்கன் களிமண்ணை ரயிலில் கொண்டுவந்து சீமெந்து ஆக்கிய காங்கேசன்துறை ஆலை 1950 முதல் வடக்குக்கு வேலையும் பெருமையும் தந்தது. அதற்காகச் சுண்ணக்கல் வெட்டிய பெரும் பள்ளங்கள் ஆலை ஓய்ந்து முப்பது ஆண்டுகள் கடந்தும் கிடக்கின்றன.

ஆகவே நான் கேட்பது எந்த ஆலையானாலும் சரி என்ற ஆலை அன்று. களப்பிலிருந்தும் குடிநீர்க் கிணறுகளிலிருந்தும் விலகிய இடம், கழிவை ஏற்கும் வழி முடிவான பின்னரே வழங்கப்படும் உரிமம், மூடும் காலத்துத் துப்புரவுக்கான பணத்தைத் தொடங்கும் நாளிலேயே வைப்பிலிடச் செய்யும் நிபந்தனை, நீரையும் காற்றையும் அளந்து முடிவை மாதந்தோறும் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டிவைக்கும் கடமை ஆகியவற்றோடு கூடிய சிறிய ஆலை ஒன்றையே கேட்கிறேன். சிறியது என்பதை அழுத்திச் சொல்கிறேன். சவறாவில் விண்வெளித் தேவைக்காக 2011 இல் திறக்கப்பட்ட தைத்தேனியப் பஞ்சு (பஞ்சுபோல் நுண்துளைகள் கொண்ட தைத்தேனிய உலோகம்) ஆலையின் கொள்ளளவு ஆண்டுக்கு 500 தொன் மட்டுமே. பெரிய நாடே அப்படித்தான் தொடங்கியது.

மன்னார்த் தீவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே எனது விடை முற்றிலும் வேறு. புல்மோட்டைக் கரையின் செறிந்த பகுதிகளில் மணலின் பாதிக்கும் மேற்பட்டது பாரமான கனிமம். வாடைக் காலத்து அலைகள் அதை மீண்டும் கரைசேர்க்கின்றன. மன்னார்த் தீவிலோ சராசரியாக நூற்றில் சில பங்குதான் கனிமம். அதாவது சில வண்டிக் கனிமத்துக்காக நூறு வண்டி மண்ணைக் கிண்டிப் புரட்ட வேண்டும். கிண்டியதை மறுபடி நிரப்பிவிடுவோம் என்கிறார்கள். கடலைவிடச் சில மீற்றர் மட்டுமே உயர்ந்த அந்தத் தீவில், மழைநீர் மணலுக்குள் இறங்கி உவர்நீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது; பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் தலைமன்னாரிலும் வாளி இறக்கி அள்ளுவது அந்தப் படையைத்தான். காற்றும் அலையும் நூற்றாண்டுக் கணக்கில் பரலும் பொடியுமாகப் படைபடையாக இட்ட மணலை இயந்திரம் கலக்கி ஒன்றாகக் கொட்டினால், அதே எடை மணல் திரும்பக் கிடைக்கலாம், அதே நீர் திரும்பக் கிடைக்காது. இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் பனையும் பிடித்துவைத்த மேடு தாழ்ந்தால், மாரியில் ஏற்கெனவே வெள்ளம் வடிய வழியின்றித் தவிக்கும் ஊர்களுக்குள் கடல் வரும். பக்கத்தில் வங்காலைச் சரணாலயம் 2010 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் பேணப்படும் ஈரநிலம். மாரிதோறும் வலசைப் பறவைகள் வந்திறங்கும் இடம். இன்றியமையாதது என்ற சொல்லுக்கு மன்னார்த் தீவில் ஒரே பொருள்தான் உண்டு, அது நன்னீர். அங்கே பதனிடும் ஆலை வந்தாலும், பங்கு தந்தாலும், அகழ்வு வேண்டாம் என்பதே என் கருத்து. 2025 ஓகஸ்டில் மன்னார் நகரில் இரவு பகலாகப் போராட்டத்தில் அமர்ந்திருந்த மக்கள் காற்றாலைக்கு எதிராக மட்டும் அமரவில்லை. இல்மனைட்டையும் சேர்த்தே வேண்டாம் என்றார்கள்.

அந்தத் தீவில் துளையிட்டு ஆய்ந்தது அவுஸ்திரேலியப் பங்குச் சந்தையில் பதிவான நிறுவனம் ஒன்று. பங்குச் சந்தையின் விதிப்படி எந்த ஆழத்தில் எத்தனை வீதம் கனிமம் என்ற முடிவுகளை அது தன் முதலீட்டாளர்க்கு ஆங்கிலத்தில் அறிவித்தது. தன் வளவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பது சிட்னியில் பங்கு வாங்கியவருக்குத் தெரிந்த அளவுகூடத் தெரியாத நிலையில் பேசாலைக் குடும்பத்தவர் ஒருவர் இருப்பது, எவ்வகையாலும் ஏற்கத்தக்கதன்று.

"இன்றியமையாதது" என்ற அடைமொழி, மக்களின் வாயை மூடும் கருவியாகவும் மாறலாம் என்பதை அயல்நாட்டில் கண்டோம். 2025 செப்டெம்பரில் இந்தியச் சுற்றுச்சூழல் அமைச்சு, அணுக் கனிமங்களையும் இன்றியமையாக் கனிமங்களையும் அகழும் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்புத் தேவையில்லை என்று விலக்களித்தது. அதே ஆண்டின் தொடக்கத்தில், மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டிப் பகுதியில் ஏலம் விடப்பட்ட டங்ஸ்டன் சுரங்கத்தை ஊர்மக்களின் எதிர்ப்பே கைவிடச் செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் நாட்டிலோ இதற்கு மாறான முன்மாதிரி ஒன்று இருக்கிறது. எப்பாவல பொசுபேற்றுப் படிவை வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து விரைந்து அகழும் திட்டத்தை எதிர்த்து அவ்வூர் விவசாயிகள் தொடுத்த வழக்கில், படிவை முழுமையாக ஆய்ந்து முடிவை வெளியிட்டு, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டை முறைப்படி பெறும் வரை எந்த உடன்படிக்கையும் செய்யக் கூடாது என்று 2000 ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. அநுராதபுரத்துச் சிங்கள விவசாயி வென்றெடுத்த அந்தத் தீர்ப்பு கொக்கிளாய்க்கும் மன்னாருக்கும் உரிய தீர்ப்பே. அது எங்கள் பாடசாலைகளில் கற்பிக்கப்பட வேண்டும்.

எப்பாவலவைக் குறிப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இன்றியமையாதது எவருக்கு என்ற வினாவை நாங்கள் இன்னும் கேட்கவில்லை. பிரசல்சுக்கும் டெல்லிக்கும் இன்றியமையாதது அவர்களுடைய விமானத்துக்கும் மின்வாகனத்துக்கும் வேண்டியது. வன்னியின் வயல்களுக்கு இன்றியமையாதது பொசுபேற்று. 2021 இல் இரசாயன உரம் ஒரே நாளில் தடைசெய்யப்பட்டபோது, வவுனிக்குளத்தின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் கதிர் சிறுத்து நின்ற வயல்களை நான் பார்த்தேன். எப்பாவலக் கல் அப்படியே அரைத்துப் போட்டால் நீரில் எளிதில் கரையாது. தென்னைக்கும் தேயிலைக்கும் உதவும், நான்கு மாதத்தில் விளையும் நெல்லுக்கு உதவாது. அதை அமிலத்தோடு தாக்கமுறச் செய்து கரையக்கூடிய உரமாக மாற்றினால்தான் நெல்லுக்கு ஆகும். அதுவும் பதனிடலே. அந்தப் பதனிடல் போதிய அளவில் நடக்காமையால், நாடு தன்னிடம் கல்லை வைத்துக்கொண்டு உரத்தைக் கப்பலில் வரவழைக்கிறது. 1916 அளவில் ஆண்டுக்கு 33,000 தொன் வரை காரீயம் ஏற்றிய நாடு, அதைக்கொண்டு என்ன செய்யலாம் என்று கற்றுக்கொள்ளாமலே ஒரு நூற்றாண்டைக் கழித்ததும் இதே குறையால்தான்.

கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் 1984 டிசெம்பரில் ஊரைவிட்டு எழுந்தவர்கள். என் தாயார் திரும்பிப் போகும் நாளைக் காணாமலே முள்ளியவளையில் கண்மூடினார். கால் நூற்றாண்டு கடந்து திரும்பியவர்களுக்குக் காணிப் பிணக்கும், கரைவலை இழுக்கும் கரைத்துண்டான 'பாடு' பற்றிய பிணக்கும் இன்னும் தீரவில்லை. அந்தப் பாட்டில் மணல் கறுப்பாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அவர்களை இன்னொரு முறை எழும்பச் சொல்லும் திட்டம் எதுவானாலும், அது எத்தனை டொலர் தருவதானாலும், அதை நான் எதிர்ப்பேன்.

பொறுப்பிலுள்ளோர் செய்யத்தக்கது பெரிய காரியமன்று. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கிறது; வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது. புல்மோட்டை மணலில் சில தொன்னை இவ்விரண்டுக்கும் கொடுத்து, எந்த முறையில், எவ்வளவு செலவில், எவ்வளவு கழிவோடு அதைப் பதனிடலாம் என்பதைச் சோதனை ஆலை அளவில் செய்து பார்க்க நிதி ஒதுக்கலாம். பரந்தனில் குளோரீன் உற்பத்தியை மீட்பது பற்றிய திட்டங்களோடு அதனை இணைக்கலாம். புல்மோட்டையின் வருமானத்தில் ஒரு பங்கை அயலிலுள்ள பிரதேச சபைகளுக்குச் சட்டப்படி உரியதாக்கலாம். அதுவரை, வன்னியின் நான்கு மாவட்டங்களிலும் புதிதாகக் கனிய மணல் அகழும் உரிமம் எதையும் வழங்குவதில்லை என்று அரசாங்கம் எழுத்தில் அறிவிக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, பணம் எதுவும் தேவைப்படாத ஒன்றைக் கேட்கிறேன். மன்னார்த் தீவிலும் கொக்கிளாய்க் கரையிலும் இதுவரை நடந்த ஆய்வுகளின் முடிவுகள் அனைத்தையும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகம் தமிழில் அச்சிட்டு, மன்னார் நகரப் பிரதேச செயலகத்திலும் கரைதுறைப்பற்றுப் பிரதேச செயலகத்திலும் எவரும் எடுத்து வாசிக்கும் வகையில் வைக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்,
முள்ளியவளை.